துடுப்பின் அகலம்

மலேசியாவில், செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடங்களாகத் தர ஆய்வாளனாக இருக்கிறேன். அச்சிலிருந்து விழும் உருப்படிகளை அளப்பதும், அரை மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் சிவப்புப் பெட்டியில் போடுவதும் என் வேலை. அப்படிப்பட்டவன், வாழ்க்கையில் வாங்கியவற்றிலேயே முக்கியமான ஒன்றை அளவு தவறி வாங்கினான் என்பதை எங்கள் தொழிற்சாலையில் யாரும் தமிழ் வாசிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வாங்கியது ஒரு துடுப்பு. கயாக் என்கிற ஒல்லிப் படகை ஓட்ட உதவும், இரண்டு முனையிலும் பிளேடு வைத்த துடுப்பு. தண்ணீருக்குள் இறங்கித் தண்ணீரைப் பிடித்துத் தள்ளும் அகன்ற பகுதியைத்தான் பிளேடு என்கிறார்கள். அது சில துடுப்புகளில் உள்ளங்கையை ஒத்திருக்கும், சிலவற்றில் முறத்தை. நான் முறத்தை வாங்கினேன். என் மனைவிக்காக.

அவளுக்கு வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அதோடு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அந்த முடிச்சுகள் இல்லாத கையில் நீர் வடிவதற்கு வழி குறைவு என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். பாரம் அதிகமானால் கை வீங்கும், வீங்கிய கை சில சமயம் பழைய அளவுக்குத் திரும்பாது. நான் படத்தைக் கவனமாகப் பார்த்தேன். படத்தைக் கவனமாகப் பார்ப்பது எனக்குப் பழக்கம். பிறகு அதை மறந்ததும் நான்தான்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போன காலையில், லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன் அவள் என்னிடம் சொன்னாள்:

"நான் வீட்டுக்கு வந்துட்டேன்னா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். மறந்துடாதீங்க."

வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் கை வரவில்லை. வலது கை தோள் உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். பால்குடத்தைத் தலையில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஊர்வலம் முழுக்க வெறுங்காலில் நடக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் தாங்கலாம், இடக்கையால் பிடிக்கலாம், பூசாரிகள் எல்லாவற்றுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். அவள் வைத்திருக்கவில்லை. ரெண்டு கையாலயும் எடுக்கிறேன்னுதான் கேட்டேன், ரெண்டு கையாலதான் எடுப்பேன் என்றாள். சிகிச்சைகள் முடிவதற்குள் முதல் தைப்பூசம் போய்விட்டது. அடுத்தது பத்து மாதம் தள்ளி இருந்தது.

ஜொகூர் பாரு மருத்துவமனையில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோ, சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியோடு, தாளக்கட்டோடு கையை அசைக்கிற ஏதாவது ஒன்று நல்லது என்றார். நீந்தலாம், மெதுவாகத் துடுப்புப் போடலாம். பத்து நிமிடத்தில் தொடங்க வேண்டும், கையில் அழுத்த உறை போட்டிருக்க வேண்டும், வாரம் ஒருமுறை கையின் சுற்றளவை டேப் வைத்துப் பார்க்க வேண்டும்.

"துடுப்பு லேசா இருக்கட்டும்," என்றார் கடைசியாக. "கை வேலை செய்யலாம். சண்டைதான் போடக் கூடாது."

நீச்சலை என் மனைவி யோசிக்கவே இல்லை. குளத்துக்குப் போனால் நீச்சல் உடை போட வேண்டும். நான் இதைப் பற்றி ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அவளுடைய அண்ணன் கடலோர ஊரான மெர்சிங்கின் படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்ப்பவர். அங்கே ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கயாக் வாடகைக்கு விடும் ஒரு மலாய்க்கார அம்மாவை அவருக்குத் தெரியும். அறுபது வயதிருக்கும். ஊரே அவரைக் காக் என்று கூப்பிட்டது. மலாயில் அக்கா. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை முதல் தடவை போனோம். காக் என் மனைவிக்கு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, முன்னால் மூன்று வார்களையும் இழுத்துக் கட்டினார். அவள் குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். பிறகு என் மார்பைப் பார்த்தாள். அதற்குள் நானும் ஒன்றைப் போட்டுத் தொப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனையும் பார்த்தாள்.

"இத போட்டா எல்லாருக்கும் ஒரே நெஞ்சுதான்," என்றாள்.

அவள் அண்ணன் திடீரென்று குனிந்து, ஒழுங்காக இருந்த ஒரு கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆற்றுக்குள் ஒரு மரக்கம்பம் நிற்கும். மீன்பிடிப் படகுகள் ஆழம் பார்த்து வருவதற்காக நட்டது. அந்தக் கம்பம் வரை போய்த் திரும்புவதுதான் அவள் தனக்கு வைத்துக்கொண்ட எல்லை. காக்கின் வாடகைத் துடுப்புகள் அலுமினியத் தண்டும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளேடுமாகப் பழசாக இருந்தன. முதல் நாள் பாதித் தூரத்தில் திரும்பினாள். அடுத்த தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை கரைக்கு வந்து சொன்னாள்: "துடுப்பு கனம். நல்லதா ஒன்னு இருந்தா நான் கம்பத்துக்குப் போயிடுவேன்."

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். நோய் வந்த வீட்டில் கணவனுக்குச் செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை. கார் ஓட்டலாம், மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், கேட்காத நேரத்தில் மைலோ கலக்கலாம். இப்போது ஒரு கருவி வாங்க வேண்டும். கருவி என்றால் நான்.

இரண்டு வாரம் படித்தேன். எங்கள் வீட்டில் இலக்கியம் இருக்கும் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கயாக் பற்றி அச்சடித்த தாள்களை அடுக்கினேன். பிளேடின் பரப்பளவு என்ன, நீளத்துக்கும் அகலத்துக்கும் என்ன விகிதம், தண்டின் பருமன் என்ன. கடைகளின் படங்களைப் பெரிதாக அச்சடித்து, கட்டம் போட்ட தாளில் வரைந்து, கட்டங்களை எண்ணிப் பரப்பைக் கண்டுபிடித்தேன். எல்லாம் எண்ணினேன். முடிவு தெளிவாக இருந்தது. பெரிய பிளேடு ஒரு வீச்சில் அதிகத் தண்ணீரைத் தள்ளும். அதிகத் தண்ணீர் தள்ளினால் படகு அதிகத் தூரம் போகும். ஆகவே கம்பத்துக்குப் போகக் குறைந்த வீச்சுகள் போதும். குறைந்த வீச்சு என்றால் கைக்குக் குறைந்த வேலை. இதை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு எழுதியும் வைத்தேன். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. தலைக்கனம் ஏறும் நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

ஜொகூர் பாருவில் கயாக் சாமான் விற்கும் ஒரு கடைக்குத் தனியாகத்தான் போனேன். பரிசு என்றால் தனியாகத்தான் போக வேண்டும். சீனக் கடைக்காரர் பொறுமைசாலி. யாருக்கு என்று கேட்டார். மனைவிக்கு என்றேன். உயரம் கேட்டார், சொன்னேன். உடம்பு எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை யாரிடமாவது அப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருந்திருக்கலாம்.

அவர் மூன்று துடுப்புகளை மேசையில் வைத்து, சின்ன பிளேடு வைத்ததை என் பக்கம் நகர்த்தினார். நான் பெரியதைப் பார்த்தேன். கார்பன் நாரால் செய்தது, கறுப்பு, பளபளப்பு. தூக்கினால் விளக்குமாற்றை விட லேசாக இருந்தது. பிசியோ லேசாக இருக்கட்டும் என்றாரே! மூன்றும் ஒரே விலை. ஒரே விலை என்றால் பெரியதை எடுக்காமல் சின்னதை எடுப்பதற்கு எங்கள் பரம்பரையில் யாருக்கும் கை வராது. ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் பள்ளிக் காலணிகள் எப்போதும் அடுத்த வருடத்துக்கானவை, முனையில் பேப்பர் அடைத்தவை. என் கல்யாணச் சட்டைக்குள் இன்னொரு மாப்பிள்ளையும் நின்றிருக்கலாம். பெரியதை வாங்கினால் பின்னால் சரியாகிவிடும் என்பது எங்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. அவள் கை அந்தத் துடுப்புக்குள் வளர்ந்துவிடும் என்று நம்பினேன்போல.

அவள் அண்ணனுக்கு வாட்சாப்பில் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"மாப்ள, எடுத்தா பெருசா எடுங்க. எஞ்சினுக்குச் சின்ன ப்ரொப்பெல்லர் போடுறவன் எவனாச்சும் இருக்கானா?"

"அதான் நானும் நெனச்சேன் மச்சான்."

"பின்ன என்ன லா. தூக்கிட்டு வாங்க."

நிபுணர்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். கையின் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை.

திருமண நாளன்று கொடுத்தேன். அவள் அதைப் பிரித்து, பிளேடின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கையைச் சுற்றி நிறைய இடம் மிச்சமிருந்தது.

"பெருசா இருக்கே."

"அதான் விஷயமே," என்று சொல்லி, அம்புக்குறித் தாளை எடுத்துக்கொண்டு வந்து விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். எங்களுடைய திருமண வாழ்வில் நான் விளக்கிய பல விஷயங்களை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரமே கம்பத்தைத் தொட்டாள். நாலைந்து வீச்சில் படகு அம்புபோலப் போனது. நான் இன்னொரு கயாக்கில் வாடகைத் துடுப்போடு பின்னால் கத்திக்கொண்டே போனேன். கம்பத்தைத் தொட்டுவிட்டு அவள் சிரித்ததை நான் பார்த்தேன், அதில் பொய்யில்லை. திரும்பும் வழியில் பாதியில் நின்றுவிட்டாள். களைப்பு என்றாள். கயிறு கட்டி நான் இழுத்து வந்தேன். அடுத்த தடவையும் அப்படியே. போவது வேகமாக, வருவது கயிற்றில். பயிற்சி போதவில்லை என்று நினைத்தேன். போகப் போகச் சரியாகும் என்றேன். காலணியைப் பற்றியும் அப்பா அதையேதான் சொல்வார்.

இதற்கிடையில் வீட்டில் நான் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தேன். பிசியோ வாரம் ஒருமுறை கையை அளக்கச் சொன்னாரில்லையா. தையல் டேப்பை வைத்து மணிக்கட்டிலும் முன்கையிலும் மேல்கையிலும் அவள் தானே அளந்து சொல்வாள். நான் தொழிற்சாலையில் உருப்படிகளுக்குப் போடுகிற மாதிரியே ஒரு சார்ட் வரைந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன். நடுவில் பச்சைக் கோடு, மேலே சிவப்புக் கோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசைக்கு முன் ஒரு புள்ளி. புள்ளிகள் எல்லாம் பச்சைக் கோட்டை ஒட்டியே படுத்திருந்தன. இவ்வளவு ஒழுங்காக எந்த எந்திரமும் ஓடாது. தொழிற்சாலையில் இப்படி ஒரு சார்ட் வந்தால் அளந்தவனைக் கூப்பிட்டு, அளந்தாயா அல்லது எழுதினாயா என்று கேட்டிருப்பேன். வீட்டில் கேட்கவில்லை. புள்ளிகள் படுத்திருப்பது எனக்கு வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. வழக்கம்போலக் கயிற்றில் வந்து சேர்ந்தோம். படகிலிருந்து இறங்க காக் கை கொடுத்தார். அவள் வலது கையைக் கொடுத்தாள். காக் அந்தக் கையை விடவில்லை. புறங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பள்ளம் மேலே வர நேரமெடுத்தது.

"அலமாக்," என்றார் காக் மெதுவாக, ஐயோ என்பதுபோல. பிறகு படகிலிருந்த கறுப்புத் துடுப்பை எடுத்து, பிளேடை என் மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். முகம் முழுதாக மறைந்தது.

"இதை யார் வாங்கினது?" என்று மலாயில் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். ரொம்ப லேசானது என்றும் சேர்த்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காக் என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விருந்துக்கு டோடோல் கிண்டிப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் மாவும் சேர்ந்து பசைபோல இறுகும், அண்டாவில் ஆண்கள் மாற்றி மாற்றி நின்று கிண்டுவார்கள். "அதுல பெரிய மரக்கரண்டிய விட்டா யாருக்கு வேலை? கரண்டிக்கா, தோளுக்கா? கரண்டியோட கனத்த நீ பார்த்திருக்கே. அது தூக்குற தண்ணியோட கனத்த யார் பார்த்தா?" அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். மலாயில் இன்னும் மென்மையாக இருந்தது, அதனால் இன்னும் வலித்தது. தூரம் போகிறவர்கள் சின்ன பிளேடு எடுப்பார்கள் என்றார். அடிக்கடி போட வேண்டும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக. மூச்சு வாங்கினால் பரவாயில்லை, மூட்டு வலித்தால் பிளேடு பெரியது.

இரண்டு வாரப் படிப்பில் இதுவும் இருந்தது. நான் படித்துக் கோடு கூடப் போட்டிருந்தேன். அது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் கோத்தா திங்கி ஊரைத் தாண்டியதும் நான்தான் கேட்டேன்.

"போன ஞாயித்துக்கெழம அளவு சரியாத்தான இருந்துச்சு?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் போய்க்கொண்டே இருந்தன.

"டேப்ப இழுத்துப் புடிச்சேன்," என்றாள்.

"எத்தன வாரமா?"

"ஜூன்லேருந்து."

"ஏம்மா?"

"நீங்க செவப்புக் கோடு போட்டு வச்சிருக்கீங்களே. அத தாண்டுனா என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"என்ன பண்ணுவேன்?"

"ரிஜெக்ட் பண்ணுவீங்க."

நான் காரை ஓட்டினேன். அவளே தொடர்ந்தாள். "துடுப்பு பெருசுன்னு முதல் நாளே தெரியும். ஆனா நீங்க அத வாங்கிட்டு வந்தப்ப ஒங்க மொகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போனதுலேருந்து அப்படி ஒரு மொகத்த நான் பாக்கல. கெடுக்க வேணாம்னு பாத்தேன்."

நான் அவளுக்காக அளந்து வாங்கினேன் என்று நினைத்திருந்தேன். அவள் என்னை அளந்து, எனக்காகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிசியோவிடம் போனோம். அவர் கையை ஒவ்வொரு இடமாக அளந்தார். டேப்பை அவர் இழுக்கவில்லை. ஆறு வாரம் கட்டு, தினமும் மெதுவாக நீவிவிடுதல், படகு வேண்டாம். கை பழைய அளவுக்கு வருமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். டாக்டர்கள் பார்க்கலாம் என்று சொன்னால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் இரண்டு வருடமாகப் பழகியிருந்தோம். இந்தப் பார்க்கலாம் எந்தப் பக்கமும் சாயவில்லை.

"துடுப்புப் போட்டது தப்பில்ல. நடுவுல எதையோ மாத்தியிருக்கீங்க. என்ன மாத்துனீங்க?" என்று கேட்டார். நான் மறுபடியும் கையைத் தூக்கினேன். எனக்கு அது நன்றாகவே தூக்க வருகிறது.

அந்த ஆறு வாரம் எங்கள் வீடு அமைதியாக இருந்தது. கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். இடக்கையால் சாப்பிடப் பிடிக்காமல் கரண்டியால் சாப்பிட்டாள். ஒருநாள் நான் நல்லவனாக இருக்கலாம் என்று முடிவு செய்து சொன்னேன்:

"தைப்பூசத்துக்கு நான் எடுக்கிறேன் பால்குடம். ஒனக்குப் பதிலா. சாமிக்கு எல்லாம் ஒன்னுதான். படகும் போதும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இறங்கும்.

"அவங்க மார மட்டுந்தான் எடுத்தாங்க. கைய விட்டுட்டுத்தான் போனாங்க. நீங்க அதையும் எடுத்துடாதீங்க."

பிறகு டிவியைப் பார்க்கத் திரும்பினாள். டிவி அணைத்துத்தான் இருந்தது.

ஆறு வாரம் கழித்து முன்கை கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வந்திருந்தது. மேல்கை வரவில்லை, கொஞ்சம் மிச்சம். அது அப்படியே இருக்கலாம் என்றார் பிசியோ. ஆனால் மெதுவாகத் திரும்பப் படகுக்குப் போகலாம், துடுப்பை மாற்றினால்.

இந்தத் தடவை இருவரும் கடைக்குப் போனோம். நான் கார் ஓட்டும் அளவோடு நிறுத்திக்கொண்டேன். அவளே கடைக்காரரிடம் என்ன நடந்தது, எதை எடுத்தார்கள், கை எவ்வளவு உயரம் போகும் என்றெல்லாம் சொன்னாள். மளிகைக் கடையில் பருப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். நன்றாக இருக்கிறாள் என்று நான் சொன்ன அதே இடத்தில் நின்று சொன்னாள். கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

ஒரு தாழ்ந்த முக்காலியில் அவளைக் கால் நீட்டி உட்காரவைத்து, துடுப்பைக் காற்றில் போடச் சொன்னார். நடுத்தரமானதைப் போட்டுப் பார்த்தாள், வேண்டாமென்று தலையை ஆட்டினாள். சின்னது வந்தது. தண்டைப் பிடித்தபோது கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொட்டன. பெரிய துடுப்பின் தண்டில் அவை தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெறும் பிடியிலேயே கை களைத்திருக்கும். பிளேடு கிட்டத்தட்ட அவள் உள்ளங்கையை விட ஒரு சுற்றுதான் பெரிது. கைகளைத் தோளுக்குக் கீழேயே வைத்து, நிதானமாக, இடம் வலம் இடம் வலம் என்று போட்டாள். கடையில் தண்ணீர் இல்லை. ஆனால் அவள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள்.

"இதான்," என்றாள்.

"சின்னப் பசங்களுக்குக் குடுக்கிற மாதிரி இல்ல?" என்று என் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.

"முதல் தடவை நான் எடுத்துக் கொடுத்தது இதைத்தான், பாஸ்," என்றார் கடைக்காரர்.

மழைக்காலம் தொடங்கி மெர்சிங் கடலை மூடுவதற்குள் மூன்று தடவை போனோம். முதல் தடவை பத்து நிமிடம். இரண்டாம் தடவை இருபது. மூன்றாம் தடவை அவள் கம்பத்தைப் பார்த்துக் கிளம்பினாள். பெரிய துடுப்பு வீணாகக் கூடாது என்று நான் அதைப் போட்டேன். பத்து வீச்சில் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். கம்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், அவள் சின்னச் சின்னதாகத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, கடிகாரம்போல வந்துகொண்டிருந்தாள். வந்து கம்பத்தைத் தொட்டாள். நிற்கவில்லை, திரும்பினாள்.

"என்னாங்க, கயிறு வேணுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு வேண்டியிருந்தது. தோள் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. அவள் எப்படி நான்கு மாதம் இதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போது தெரிந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தோளால் தெரிந்துகொண்டேன். கரையில் அவள் தானே இறங்கினாள். காக் புறங்கையை அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழவில்லை.

நவம்பர் முதல் மழை. வீட்டில் சுவரில் விரல்கள் ஏறின. டிசம்பர் முடிவில் வலது கை காது வரை போனது. ஜனவரியில் ஒருநாள் உச்சந்தலையைத் தொட்டுவிட்டு, எதுவும் நடக்காததுபோல முடியைக் கோதிக்கொண்டாள்.

தைப்பூசத்தன்று காலையில் ஜொகூர் பாருவில் கோயிலுக்கு முன்னால் இருந்த திடலில் கூடினோம். மஞ்சள் சேலை, ரவிக்கைக் கைக்கு உள்ளே தோல் நிற அழுத்த உறை. அவள் அண்ணன் மெர்சிங்கிலிருந்து விடியும்முன் கிளம்பி வந்திருந்தார். கையில் ஒரு பித்தளைக் குடம். ஆறு லிட்டர் பிடிக்கும்.

"என் தங்கச்சி உசுரோட வந்ததுக்கு இதான்," என்றார்.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு சின்னச் செம்பை எடுத்தாள். எங்கள் பூஜை அறையில் இருப்பது, அரை லிட்டர்கூடப் பிடிக்காது. அண்ணன் முகம் வாடியது.

"இத்தன பெரிய உசுருக்கு இத்துனூண்டா? பாக்கிறவங்க என்ன சொல்வாங்க? மாப்ள, நீங்க சொல்லுங்க லா."

மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடத்தில் இவ்வளவாவது கற்றிருந்தேன்.

"தூரம் இருக்குண்ணே," என்றாள் அவள்.

பால் ஊற்றி, செம்பின் வாயில் மஞ்சள் துணி கட்டினார்கள். அதை ஒருவர் அவள் தலையில் வைத்தார். இடது கை உடனே மேலே போய்ப் பிடித்தது. வலது கை கிளம்பியது. தோளில் ஒரு நொடி நின்றது. அண்ணன் தாங்குவதற்குக் கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினேன். கை காதைத் தாண்டியது, செம்பைத் தொட்டது.

நடந்தாள். தார்ச்சாலை ஏற்கெனவே சுட ஆரம்பித்திருந்தது. மேளமும் உறுமியும் முன்னால் போயின. இரண்டு மூன்று தடவை வலது கையைக் கீழே இறக்கி, விரல்களை மடக்கி விரித்து, மறுபடி மேலே கொண்டுபோனாள். பிசியோ சொல்லிக் கொடுத்தது. காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்த மச்சான் என் பக்கத்தில் மூச்சு வாங்கினார். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனேன். அவளுக்கு இரண்டடி பின்னால், எதையும் தாங்காமல் நடப்பது எனக்குப் பழகாத வேலை. சந்நிதியில் செம்பை அவளே இரண்டு கையாலும் இறக்கிக் கொடுத்தாள். பால் ஒரு வீச்சில் ஊற்றித் தீர்ந்துவிட்டது. அவள் கும்பிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு, டேப்பை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க அளங்க."

அளந்தேன். மேல்கை அரை சென்டிமீட்டர் கூடியிருந்தது. தொழிற்சாலையாக இருந்தால் சிவப்புப் பெட்டி. எண்ணைச் சொல்லலாமா வேண்டாமா என்று என் முகம் யோசித்திருக்க வேண்டும்.

"இழுக்காம அளந்தீங்களா?"

"இழுக்கல."

"அப்ப அத போடுங்க."

குளிர்பெட்டிக்குப் போய்ப் புள்ளியை வைத்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே உட்கார்ந்தது. அங்கேயே நின்றுகொண்டு இனி என்ன செய்வது என்று யோசித்தேன். அவள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். ரெண்டு நாள் ஓய்வு எடுத்தால் இறங்கும், இறங்காவிட்டால் பிசியோவுக்குப் போன் பண்ணலாம், மார்ச்சில் கடல் திறந்ததும் காக்கிடம் சொல்லி வைக்க வேண்டும் என்றாள்.

மூன்றாம் நாள் இறங்கியது. அந்தப் புள்ளியையும் வைத்துவிட்டு, சிவப்புக் கோட்டை அழிப்பானால் தேய்த்தேன். முழுதாகப் போகவில்லை. லேசாக ஒரு ரோஜா நிறம் இன்னும் இருக்கிறது.